யூரின் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. எரிச்சல் மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 31. கடலூர் முதுநகரில் இருக்கிறேன், சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஆறு வாரத்துக்கு முன் வெளியூர் போன இடத்தில் ஒரு பெண்ணோடு ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். இரண்டு வாரம் கழித்து நீர்க்கடுப்பு ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் ஆணுறுப்பின் நுனியில் தண்ணீர் போல ஒரு சொட்டு. வெயில் சூடு என்று நினைத்து பார்லித் தண்ணீர் குடித்தேன். பிறகு மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாளுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்து, மறுபடி வந்துவிட்டது. லேபில் பார்த்ததில் சீழ் அணுக்கள் 18–20; கல்ச்சரில் ‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்று வந்திருக்கிறது. கிருமி இல்லையென்றால் இது என்ன டாக்டர்? என் மனைவி இரண்டு மாத கர்ப்பம். அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவளுக்குத் தெரியாமல் மாத்திரை மட்டும் கொடுத்துவிடலாமா?

— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: கிருமி இல்லை என்று அந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. லேபில் வழக்கமாக வைக்கும் தட்டில் வளரக்கூடிய கிருமி எதுவும் வளரவில்லை என்றுதான் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. உங்கள் சிறுநீரில் 18–20 சீழ் அணுக்கள் இருக்கின்றன. சிறுநீர்ப் புறவழியில், அதாவது சிறுநீர் வெளியே வரும் குழாயில், அழற்சி இருப்பதற்கு அதுவே சாட்சி. இளவயது ஆணுக்கு, புதிய உறவுக்குப் பிறகு, எரிச்சலும் தெளிந்த கசிவும் வந்து கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளமிடியா.

இதன் முழுப்பெயர் கிளமிடியா டிரக்கோமாட்டிஸ். பாக்டீரியாதான். ஆனால் நம் உடலின் செல்லுக்குள் புகுந்தால்தான் அதனால் பெருக முடியும். உயிருள்ள செல் இல்லாத ஊட்டத் தட்டில் எத்தனை நாள் வைத்தாலும் வளராது. செல்லுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வர இரண்டு மூன்று நாள் ஆகும். உறவுக்கும் அறிகுறிக்கும் நடுவே ஒன்று முதல் மூன்று வாரம் இடைவெளி இருப்பதும், மருந்தை ஏழு நாள் சாப்பிட வேண்டியிருப்பதும் இந்த மெதுவான வேகத்தால்தான். (இதே கிருமியின் வேறு ரகங்கள்தான் கண்ணில் டிரக்கோமா என்ற நோயை உண்டாக்கிப் பலரின் பார்வையைப் பறித்தவை. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் அதை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024-ல் அறிவித்தது. பிறப்புறுப்பைத் தாக்கும் ரகங்கள் அப்படிப் போய்விடவில்லை.)

நம் ஊரில் வெட்டை என்று சொல்லப்படும் கொனோரியா பெரும்பாலும் இப்படி இருக்காது. உறவு கொண்ட இரண்டு முதல் ஐந்து நாளுக்குள், மஞ்சளாகக் கெட்டியான சீழ், ஜட்டியில் கறை படியும் அளவுக்கு வரும். எரிச்சலும் கடுமையாக இருக்கும். கிளமிடியா சாது போல வரும். காலையில் ஒரு சொட்டு, லேசான எரிச்சல், நுனியில் அரிப்பு. பாதி ஆண்களுக்கு அதுகூட இருக்காது. பெண்களில் பத்தில் ஏழு எட்டுப் பேருக்கு எதுவுமே தெரியாது. ஆனாலும் இரண்டும் சேர்ந்து வருவது உண்டு, கண்ணால் பார்த்து உறுதியாகப் பிரிக்கவும் முடியாது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும்.

சிப்ரோஃப்ளாக்சசின் ஏன் கைவிட்டது? கிளமிடியாவை முழுதாக அழிக்கும் மருந்து அது அல்ல. கிருமியைக் கொஞ்சம் அடக்கும், அறிகுறி தணியும், மாத்திரை நின்றதும் மறுபடி கிளம்பும். கொனோரியாவுக்கும் இந்தியாவில் அது எப்போதோ பயனற்றுப் போய்விட்டது. கடைக்காரர் நீர்க்கடுப்புக்கு வழக்கமாகக் கொடுப்பதைக் கொடுத்தார். நீங்களும் அந்த உறவைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். பார்லித் தண்ணீர் கெடுதல் இல்லை. சிறுநீர் நீர்த்துப் போவதால் எரிச்சல் குறையும், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் மாதம் ஒருமுறை ரூம் போட்டு ‘மேக நோய்க்கு நிரந்தரத் தீர்வு’ என்று போர்டு வைப்பவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். அங்கே பணம் போவதைவிட, மருந்தில்லாமல் கழியும் வாரங்கள்தான் பெரிய நஷ்டம்.

இப்போது செய்ய வேண்டிய பரிசோதனையின் பெயர் ‘நாட்’. கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் காட்டும், பி.சி.ஆர். வகையைச் சேர்ந்தது. இதற்கு சிறுநீர் கொடுக்கும் முறை, கல்ச்சருக்குக் கொடுத்ததற்கு நேர் எதிர். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கல்ச்சருக்கு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். நாட் பரிசோதனைக்கு முதலில் வருவதுதான் வேண்டும், ஏனென்றால் கிருமி இருப்பது புறவழியின் சுவரில். முதல் தாரைதான் அதைக் கழுவிக்கொண்டு வரும். குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருங்கள். அதற்கு முன் நுனியைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். முதலில் வரும் 20 முதல் 30 மி.லி.யை மட்டும் டப்பாவில் பிடித்துவிட்டு மீதியை வெளியே விடுங்கள். டப்பாவை நிரப்பிக் கொடுத்தால் கிருமி நீர்த்துப்போய், இருக்கிற நோயும் ‘இல்லை’ என்று வரலாம். லேபில் பழக்க தோஷத்தில் ‘நடுவில் பிடிங்க’ என்று சொன்னால், இது கல்ச்சர் இல்லை, முதல் சிறுநீர் வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ உறவு இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அங்கிருந்து தனியாகப் பஞ்சுக்குச்சி மாதிரி எடுக்க வேண்டியிருக்கும், சிறுநீரில் அது தெரியாது.

இதோடு எச்.ஐ.வி., சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல்., ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் ரத்தம் கொடுங்கள். ஆறு வாரம்தான் ஆகியிருப்பதால், இப்போது ‘இல்லை’ என்று வந்தாலும் எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் உறவு நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும்.

எங்கே போவது? கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போய், பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். சுரக்ஷா கிளினிக், சுகவாழ்வு மையம் என்ற பெயர்களில் இயங்குபவை இவைதான். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்று கூச்சமாக இருந்தால் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி, கோரிமேட்டில் ஜிப்மரின் தோல் மற்றும் பால்வினை நோய்த் துறைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அரசு மையங்களில் நாட் ரிசல்ட்டுக்குக் காத்திராமல், அறிகுறியை வைத்தே அன்றைக்கே மருந்து கொடுத்துவிடுவது வழக்கம். இந்த மாதிரிக் கசிவுக்குப் பல ஆண்டுகளாகத் தரப்படும் சாம்பல் நிற மருந்துப் பையில் அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மி.கி. இருக்கும், முதலாவது கிளமிடியாவுக்கு, இரண்டாவது கொனோரியாவுக்கு. கண்ணெதிரே ஒரே தடவையில் விழுங்க வைத்துவிடலாம் என்பதால் வைத்திருக்கும் ஏற்பாடு.

ஆனால் கிளமிடியாதான் என்று உறுதியானால், கர்ப்பமில்லாத எவருக்கும் என் முதல் தேர்வு டாக்சிசைக்ளின்தான்: 100 மி.கி., காலையும் இரவும், ஏழு நாள். முழுதாகச் சாப்பிட்டால் அசித்ரோமைசினைவிட நன்றாகவே கேட்கும். ஆசனவாய்த் தொற்றில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். இதைச் சாப்பிடுவதில் சில நுணுக்கங்கள் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு டம்ளர் நிறைய தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கியதும் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்தால், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சுக்குள் குத்தும். பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அல்சருக்குக் குடிக்கும் ஜெல் இவையெல்லாம் மருந்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுங்கள். வெயில் பட்டால் தோல் சிவந்து எரியக்கூடும், கடலூர் வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் தேவைப்படும். மூன்றாம் நாளே எரிச்சல் நின்றுவிடும், அப்போது அட்டையில் மீதி மாத்திரை இருக்கும். அதையும் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

ஏழு நாள் முடியும் வரை உறவு கூடாது. மனைவிக்கும் சிகிச்சை தேவைப்பட்டால், அவர் மருந்து சாப்பிட்டு ஏழு நாள் ஆகும் வரை கூடாது. ஒருவர் குணமாகி மற்றவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வதுதான், ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று திரும்பி வருபவர்களிடம் நாங்கள் அடிக்கடி காண்பது. சரியாகச் சாப்பிட்டும், திரும்பத் தொற்ற வழியே இல்லாமலும் அறிகுறி நீடித்தால், மைகோபிளாஸ்மா ஜெனிட்டாலியம், டிரைக்கோமோனாஸ் போன்ற வேறு கிருமிகளைத் தேட வேண்டும். அந்த வெளியூர்ப் பெண்ணைத் தொடர்புகொள்ள முடியுமென்றால் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 60 நாளில் உறவு கொண்ட எல்லோருக்கும் அது தேவை.

விதைப்பை ஒரு பக்கம் வலித்து வீங்கினால் கிருமி, விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் விந்துநாளப் புடைப்புக்கு ஏறியிருக்கலாம். அதற்கு சிகிச்சையே வேறு, நாளும் அதிகம். வலி திடீரென்று, தாங்க முடியாமல் வந்தால் அன்றே, அந்த மணி நேரமே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும்.

இனி உங்கள் மனைவி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவரோடு உறவு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே ஒரு முறை இருந்திருந்தாலும் அவரைப் பரிசோதிக்க வேண்டும். தொந்தரவு இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

தெரியாமல் மாத்திரை கொடுப்பது: கூடாது. உங்களுக்கு எழுதித்தரும் டாக்சிசைக்ளினைப் பங்கு போட்டுக் கொடுத்தீர்களானால், கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய மருந்தைக் கொடுத்தவராவீர்கள். குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் படிகிற மருந்து அது. கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின் 1 கிராம், ஒரே தடவை. அதுவும் அவருக்கு மருந்து ஒவ்வாமை உண்டா, இதயக் கோளாறு உண்டா, வேறென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டுவிட்டுத் தர வேண்டியது. இரண்டாவது மாதத்தில் வாந்தி சகஜம். மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வாந்தியோடு வெளியே வந்துவிட்டால் திரும்பக் கொடுக்க வேண்டும். எதற்கான மாத்திரை என்றே தெரியாதவர் அதை யாரிடம் போய்ச் சொல்வார்? தவிர, கர்ப்பிணிக்கு மருந்து கொடுத்து நான்கு வாரம் கழித்து கிருமி போய்விட்டதா என்று மறுபடி நாட் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பார்த்தால் செத்த கிருமியின் மரபணுவே ‘இருக்கிறது’ என்று காட்டிவிடும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. இத்தனையையும் மறைவில் நடத்த முடியாது. நடத்த முடிந்தாலும், தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அவர்.

எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் மையத்திலிருக்கும் ஆலோசகரை முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள்; பிறகு இருவரும் சேர்ந்து உட்காரலாம். நீங்கள் சொல்லியதை உங்கள் சம்மதமில்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது. ஆரம்பிக்க இவ்வளவு போதும்: ‘எனக்கு உறவு மூலமாகப் பரவும் ஒரு தொற்று இருக்கு, மருந்தில் குணமாகிடும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக நீயும் ஒரு டெஸ்ட் பண்ணிக்கணும்.’ அடுத்து வரும் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். இன்னொன்று: அவருக்கும் ‘இருக்கிறது’ என்று ரிசல்ட் வந்தால், யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எப்போது வந்தது என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. பெண்களுக்கு இது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். கர்ப்பப் பரிசோதனையில் மனைவிக்கு முதலில் தெரியவரும் வீடுகளில், மாமியார் வரை கூடி அவர் மேலேயே பழியைப் போடுவது நடக்கிறது. உங்கள் வீட்டில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அவருக்குப் பரிசோதனை எளிதுதான். பெண்ணுறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுக்கும் மாதிரி சிறுநீரைவிட நம்பகமானது. அவரே தனியறையில் எடுத்துத் தரலாம். கர்ப்பத்தில் ஏற்கெனவே எச்.ஐ.வி., சிபிலிஸ் பார்த்து ‘இல்லை’ என்று வந்திருந்தாலும், உங்கள் விவரம் தெரிந்தால் அந்த டாக்டர் அவற்றைத் திரும்பப் பார்ப்பார். கிளமிடியாவைச் சிகிச்சையில்லாமல் விட்டால் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவத்துக்கான அபாயம் கூடும். கர்ப்பமில்லாத காலத்தில் கருக்குழாய் வரை ஏறினால் தழும்பு விழுந்து அடைப்பு, குழந்தையின்மை, கருக்குழாயிலேயே கரு தங்குவது வரை போகும். அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவுக்குப் பின் ரத்தக்கசிவு இருந்தால் உடனே காட்ட வேண்டும். இரண்டாம் மாதத்தில் ஒரு பக்கமாக வலியும் ரத்தப்போக்கும் மயக்கமும் வந்தால், அது எதனால் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மருந்து முடிந்து மூன்று மாதம் ஆனதும் உங்களுக்கும் ஒரு மறுபரிசோதனை உண்டு. ஒரு முறை வந்தால் திரும்ப வராது என்ற பாதுகாப்பு இந்த நோயில் கிடையாது. பிரசவம் அம்மா வீட்டில் என்றால், மனைவியின் சிகிச்சை ரிப்போர்ட்டும் மறுபரிசோதனை ரிப்போர்ட்டும் அவருடைய ஃபைலோடு போகட்டும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் குழந்தையின் கண் சிவந்து பீளை தள்ளினாலோ, முதல் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் இல்லாமல் விட்டுவிட்டு இருமினாலோ, தாய்ப்பால் விட்டும் கஷாயம் கொடுத்தும் நாளைக் கடத்தாமல், கர்ப்பத்தில் கிளமிடியா இருந்தது என்ற விவரத்தைக் குழந்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொட்டு மருந்து மட்டும் போதாது, வாய் வழியாக மருந்து தர வேண்டியிருக்கும்.