பேஸ் கிற்றார் வாங்கலும் விற்றலும்: வன்னி வாசகர் கேள்விகள்

சென்ற முறை கீபோட் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பேஸ் கிற்றார் (தாழ்ந்த சுரங்களுக்கான தடித்த தந்திக் கிற்றார்) பற்றியவை. நானும் இருபது வருடமாக அதையே வாசிப்பவன். அதனால் இந்த முறை முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் இசைக்குழுவில் பேஸ் வாசித்த அண்ணா வெளிநாடு போய்விட்டார். இனி நான் வாசிக்க வேண்டும். ஒரே காசுக்கு இரண்டு கிடைக்கிறது. ஒன்று கொழும்புக் கடையில் புதிய ஐந்து தந்தி அக்டிவ் பேஸ், கம்பனிப் பெயர் கேள்விப்படாதது. மற்றது வவுனியாவில் ஒருவர் ஆறேழு வருடம் வாசித்த நான்கு தந்தி ஸ்கொயர் பிரிசிஷன் (ஃபெண்டர் கம்பனியின் மலிவு வகை). எதை எடுக்கலாம்? (கிளிநொச்சி)

வவுனியாவில் இருப்பதை எடுங்கள். ஆனால் நெக்கை, அதாவது தந்திகள் மேலே ஓடும் நீளமான கைப்பிடியை, பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.

முதலில் காரணம். அக்டிவ் பேஸுக்குள் ஒரு சிறிய சேர்க்கிட் இருக்கிறது. அது 9 வோல்ட் பற்றரியில் ஓடும். வயரைச் செருகியபடி விட்டால், வாசிக்காவிட்டாலும் பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும். திருவிழா மேடையில் இரவு பதினொரு மணிக்குச் சத்தம் நின்றால் அந்தப் பற்றரிக்கு எங்கே போவீர்கள்? சேர்க்கிட்டே பழுதானால் அதற்குப் பொருத்தமான உதிரிப்பாகம் கிளிநொச்சியில் கிடைக்காது. பிரிசிஷனுக்குள் இருப்பது ஒரு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), இரண்டு குமிழ், ஒரு ஜக், அவ்வளவுதான். உங்கள் ஊரில் ரேடியோ திருத்துபவர் ஈயம் பற்றவைத்து அரை மணியில் சரிசெய்து தருவார். 1951இல் இந்த பேஸைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டரே கலிபோர்னியாவில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். திருத்தக்கூடிய பொருளாகத்தான் அவர் அதைச் செய்தார். இன்றைய வடிவம் 1957இல் வந்தது. அதற்குப் பிறகு பெரிதாக மாறவில்லை.

ஐந்தாவது தந்தி 31 ஹேர்ட்ஸ் வரை இறங்கும். நான்கு தந்தி பேஸின் தடித்த தந்தியே 41 ஹேர்ட்ஸ். இங்கே மேடைக்கு வாடகைக்கு வரும் ஸ்பீக்கர்களில் பல அந்த 41ஐயே முழுதாகத் தராது. அதற்குக் கீழே போகக் காசு கொடுத்து என்ன பயன்? நாம் கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் வாசிக்கும் பாட்டுகளுக்கு நான்கு தந்தி தாராளம்.

இனி நெக். போனில் ஒரு ரியூனர் அப்பை இறக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போங்கள். சுருதி சேர்த்த பிறகு, தடித்த தந்தியை முதல் பிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் பிரெட்) ஒரு கையாலும், நெக் உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டில் மற்றக் கையாலும் அழுத்துங்கள். தந்தி இப்போது ஒரு நேர்கோல். ஏழாவது, எட்டாவது பிரெட்டின் மேல் பாருங்கள். ஒரு மெல்லிய அட்டை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லை என்றாலோ கூட இருந்தாலோ நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை, அதாவது ட்ரஸ் ரொட்டை, முறுக்கிச் சரிசெய்யலாம். விற்பவரையே உங்கள் முன்னால் முறுக்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. அந்தக் கம்பியின் நட் அசையவே இல்லை என்றாலோ ஏற்கெனவே முடிவுவரை இறுகியிருந்தாலோ வணக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள். நெக்கின் நுனியில் இருந்து உடலை நோக்கி ஒரு கண்ணால் பார்க்கும்போது முறுக்கு தெரிந்தாலும் அப்படித்தான். வளைவைத் திருத்தலாம், முறுக்கை இங்கே யாரும் திருத்தித் தர மாட்டார்கள்.

அப்புறம் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு பிரெட்டிலும் அழுத்தி வாசியுங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். எங்காவது ஒரே ஒரு பிரெட்டில் மட்டும் இரைந்தால் உடல் பக்கம் அதற்கு அடுத்த பிரெட் எழும்பியிருக்கக்கூடும். பன்னிரண்டாவது பிரெட்டில் அழுத்தி எடுக்கும் சுரமும், அதே இடத்தில் தந்தியை மெல்லத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும் ரியூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். சிறிய வித்தியாசத்தைப் பிரிட்ஜில், அதாவது தந்திகள் உடலில் பூட்டப்படும் இடத்தில், உள்ள திருகாணியால் சரிசெய்யலாம். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று கேட்டால் பயப்பட வேண்டாம், உள்ளே தூசி. பெயின்ட் உரிந்திருப்பது, உடலில் வெட்டு விழுந்திருப்பது எல்லாம் விலையைக் குறைக்க உங்களுக்கு உதவும். சத்தத்தை அவை தொடாது.

ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா தன்னுடைய பழைய பேஸையும் 100 வாட் அம்பையும் (அம்ப்ளிஃபயர்) பார்சலில் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? (புதுக்குடியிருப்பு)

பேஸை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள். அம்பை அங்கேயே விற்கச் சொல்லுங்கள்.

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நமக்கு 230. 2014இல் எங்கள் குழுவுக்கு இப்படித்தான் ஒரு நல்ல அம்ப் வந்தது. பெட்டி பிரித்த சந்தோஷத்தில் பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினோம். ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை, எரிந்த மணம் வந்தது. அனுப்பியவரின் அத்தனை மாதச் சேமிப்பு அது. அவரிடம் போனில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு கிழமை இருந்தோம். இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அம்பின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தாலோ, 230க்கு மாற்றும் சுவிச் இருந்தாலோ அது நம் ஊருக்கும் சரி. 120 என்று மட்டும் இருந்தால் மின்சாரத்தைக் குறைத்துத் தரும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதே பின்பக்கத்தில் அம்ப் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும் என்று போட்டிருக்கும். ட்ரான்ஸ்போமர் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பாரம் கூடிய சாமான் அது. மேடைக்கு மேடை அதையும் தூக்கித் திரிய வேண்டும். லண்டன், சுவிஸ், பிரான்ஸ், ஜெர்மனியில் இருந்து வரும் அம்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை, பிளக்கை மாற்றினால் போதும்.

பேஸ் வந்ததும் உடனே ட்ரஸ் ரொட்டைத் தொடாதீர்கள். சூடாக்கிய வீட்டின் வறண்ட காற்றில் கிடந்த மரம், நம் மாரி மழையின் ஈரத்துக்குள் வருகிறது. நெக் ஓரிரு கிழமை அசைந்துதான் நிற்கும். சுருதி சேர்த்து, வீட்டில் நிழலான இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு சரிபாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் மேல் வைக்க வேண்டாம், பகல் சூடு முழுவதும் அங்கேதான் நிற்கும்.

சித்தப்பா இன்னும் ஏதாவது அனுப்ப விரும்பினால் இரண்டு மூன்று செட் தந்திகளைக் கேளுங்கள். பாரமில்லை, இங்கே விலையும் கூட.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது, ஆள் சின்னன். தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்க ஆசைப்படுகிறாள். கடையில் "கை எட்டாது, பெண் பிள்ளைக்குப் பாரம், சாதாரண கிற்றார் எடுங்கள்" என்றார்கள். (வவுனியா)

அம்மா, அந்தப் பேச்சைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். மோகினி டே என்ற இந்தியப் பெண் ஏ.ஆர்.ரஹ்மானோடு உலக மேடைகளில் பேஸ் வாசித்தவர். அமெரிக்காவில் கரோல் கே 1960களில் இருந்தே ஒலிப்பதிவுக் கூடங்களில் பேஸ் வாசித்துப் பெயர் எடுத்தவர்.

கை எட்டுவது வேறு விஷயம், அதற்கு வழி இருக்கிறது. வழக்கமான பேஸில் அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்தில் 'ஷோட் ஸ்கேல்' என்று ஒரு வகை உண்டு. சிறுவர் பொருள் என்று நினைக்க வேண்டாம். பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹொஃப்னர் அந்த அளவுதான். அது கிடைக்காவிட்டால் ஜாஸ் பேஸ் வகையைக் காட்டுங்கள். நீளம் அதே 34தான், ஆனால் தலைப்பக்கத்தில் நெக் ஏறக்குறைய 38 மில்லிமீற்றர் அகலம். பிரிசிஷனில் அது 42க்குப் பக்கம். நாலு மில்லிமீற்றர் சின்னக் கைக்குப் பெரிய வித்தியாசம். அகலமான பட்டி போடுங்கள், முதல் வருடம் உட்கார்ந்தே வாசிக்கட்டும். வாங்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த நெக் பிடிக்கிறது என்று அவளுடைய கை சொல்லட்டும்.

கடையில் ஜாஸ் பேஸ் வாங்கி மூன்று கிழமை. வீட்டில் போட்டால் 'ம்ம்ம்' என்று இரைகிறது. தந்தியைத் தொட்டால் குறைகிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டாராம். என்ன செய்வது? (மாங்குளம்)

முதலில் பிழை யாருடையது என்று பார்ப்போம். இரண்டு பிக்கப்பின் சத்தக் குமிழ்களையும் முழுதாகத் திறவுங்கள். இரைச்சல் நன்றாகக் குறைந்தால் உங்கள் பேஸில் பழுதில்லை. ஜாஸ் பேஸின் பிக்கப் ஒவ்வொன்றும் தனியே ஓடும்போது சுற்றியுள்ள மின்சார இரைச்சலை இழுக்கும், இரண்டும் சம அளவில் சேரும்போது ஒன்றை ஒன்று வெட்டிவிடும். தொட்டால் குறைவதும் வழமைதான். தொடும்போது இரைச்சல் கூடினால் உள்ளே ஏர்த் வயரைப் பார்க்க வேண்டும்.

அதே பேஸை வேறு ஒரு வீட்டில், வேறு அம்பில் போட்டுப் பாருங்கள். அங்கே அமைதியாக இருந்தால் பிழை உங்கள் வீட்டு ஏர்த்திலோ அம்பிலோ இருக்கலாம். ஏர்த்தை ஒரு மின்சார வேலைக்காரரைக் கொண்டு கட்டாயம் பாருங்கள். பேஸ் தந்திகள் அம்பின் ஏர்த்தோடு இணைந்தவை. ஏர்த் சரியில்லாத இடத்தில், தந்தியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டால் மின்சாரம் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. ஜெனரேற்றரில் நடக்கும் நிகழ்ச்சிகளில் அம்பையும் மிக்சரையும் ஒரே இணைப்பில், ட்ரிப் சுவிச்சுக்குப் பின்னால் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

எங்கே போட்டாலும் இரைகிறது என்றால் அது பொருளின் பழுது. பில்லோடு போய் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், அவசர இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால் கடைக்காரரின் "நாளைக்கு வாங்க" என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பேஸுக்கு ரவுண்ட் தந்தியா, ஃபிளாட் தந்தியா? (அக்கராயன்)

ரவுண்டில் மேலே சுற்றிய கம்பி உருண்டை, ஃபிளாட்டில் அது தட்டை. பளிச்சென்ற சத்தமும் கட்டைவிரலால் அடித்து வாசிப்பதும் வேண்டுமென்றால் ரவுண்ட். பழைய இளையராஜா பாட்டுகளில் கேட்கும் அந்த உருண்டை பேஸுக்கு என் கை ஃபிளாட்டைத்தான் தேடும். விலை கூடத்தான், ஆனால் வருடக்கணக்கில் கிடக்கும். அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பனிப் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஃபிளாட் தந்தியை அறுந்தாலொழிய மாற்றாதவர் என்று சொல்வார்கள். ரவுண்ட் தந்தி மங்கிவிட்டால் கழற்றிப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள், சில கிழமைக்கு உயிர் வரும். ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நம் வெயிலில் கைவியர்வைதான் தந்தியை முதலில் தின்னுகிறது.

என் பேஸை விற்க வேண்டும். பெயர் தெரியாத சீனத் தயாரிப்பு, ஆனால் நன்றாக வாசிக்கும். தலையில் ஃபெண்டர் ஸ்ரிக்கர் ஒட்டினால் இருபதாயிரம் கூடக் கிடைக்கும் என்கிறான் நண்பன். (முல்லைத்தீவு)

ஒட்டாதீர்கள். 2012இல் அப்படி ஒன்றை நானே வாங்கினேன். மீள்குடியேறி மூன்றாவது வருடம். இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த பேஸுக்குப் பதிலாக ஒன்று வேண்டும் என்று அரிசி ஆலையில் வேலை செய்து சேர்த்த காசு. தலையில் பெயரைப் பார்த்ததும் நெக்கைப் பார்க்க மறந்துவிட்டேன். மழைக்காலம் வந்ததும் அது முறுக்கிக்கொண்டது, பெயர் நகத்தோடு உரிந்து வந்தது. விற்றவர் போன் எடுக்கவில்லை. அவரும் வாசிப்பவர், அவருக்கு அது என்னவென்று தெரிந்தே இருந்தது. காசு போனதைவிட அதுதான் இன்றும் வலிக்கிறது. பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வரை பேஸ் வாசிப்பவர்கள் எத்தனை பேர்? உங்களிடம் வாங்குபவர் அடுத்த வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் கூட்டத்தில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடும்.

விலைக்கு வருவோம். இதே தரத்தில் புதியது என்ன விலை என்று கொழும்பில் இரண்டு கடையில் கேளுங்கள். அதில் பாதிக்குச் சற்று மேலே தொடங்குவது நியாயம் என்பது என் கணக்கு. பை, வயர், பட்டி மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். தனித்தனியே விற்றால் ஒன்றுமே வராது. ஆனால் புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு அவை இல்லாமல் முதல் நாளே வாசிக்க முடியாது. பழைய தந்தியை மாற்றுவதற்குச் செலவு செய்ய வேண்டாம், வாங்குபவர் தனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்வார். நெக்கை மட்டும் சரியாக வைத்துவிடுங்கள். விளம்பரத்துக்குப் படம் எடுக்கும்போது முன்பக்கம், பின்பக்கம், நெக்கை நுனியில் இருந்து பார்த்தபடி ஒன்று, காயம் பட்ட இடம் ஒன்று என்று நான்கு போதும். பெயர் தெரியாது என்றே எழுதுங்கள். எத்தனை வருடம் வாசித்தீர்கள், எது பழுதாகித் திருத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். வந்து பார்ப்பவரிடம் அம்பைப் போடுவதற்கு முன்னால் பேஸைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு பிரெட்டாக வாசித்துப் பார்க்க நேரம் கொடுங்கள்.