உப்பு, ஈரம், வெயில்: ஃப்ளை (செயற்கைப் பூச்சி இரை) தூண்டில் பராமரிப்பு கேள்வி-பதில்

கேள்வி: நான்கு துண்டு கிராஃபைட் ராடு (தூண்டில் கோல்). நடுவில் உள்ள மூட்டு இறுகிக்கொண்டு கழலவே மாட்டேன் என்கிறது. பிளையர் வைத்துத் திருகலாமா?

பதில்: பிளையரை எடுக்கவே எடுக்காதீர்கள். கிராஃபைட் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடுகின்றன. வளைத்தால் தாங்கும், பக்கவாட்டில் நசுக்கினாலும் முறுக்கினாலும் கீறிவிடும். லைன் (வீசும் தடித்த நூல்) ஓடும் வளையத்தைப் பிடித்து இழுத்தால் நூல்கட்டோடு பிய்ந்து வரும்.

ஆள் துணை இருந்தால் வேலை சுலபம். எதிரெதிரே நில்லுங்கள். இருவருமே ஒரு கையை மூட்டுக்கு இந்தப் பக்கத்துத் துண்டிலும், மறுகையை அந்தப் பக்கத்துத் துண்டிலும் வையுங்கள். மூட்டை ஒட்டியே பிடித்து, ஒரே நேரத்தில் நேராக இழுங்கள். இப்படிப் பிடித்தால் ராடு கோணாமல் விசை நேர்கோட்டில் போகும். தனியாள் என்றால் குத்தவைத்து, ராடை முழங்காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, முழங்காலுக்கு வெளிப்புறம் இரு துண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். கைகளை அசைக்காமல் கால்களை மெல்ல அகட்டுங்கள். சமையலறை ரப்பர் கையுறை போட்டால் பிடி வழுக்காது. அதற்கும் மசியாவிட்டால் மூட்டில் பத்து நிமிடம் ஐஸ் பை வைத்து, எடுத்த கையோடு மறுபடி இழுங்கள்.

இறுகுவதற்குக் காரணம் அநேகமாக மணல்தான். உள்ளே போகும் முனையைத் துடைத்து, சாதாரண மெழுகுவர்த்தியால் நான்கைந்து கோடு இழுத்து, துணியால் தேய்த்து விடுங்கள். எண்ணெய் வேண்டாம். எண்ணெய் போட்ட மூட்டு வீசும்போதே தளரும். தளர்ந்த மூட்டோடு தொடர்ந்து வீசினால் வெளிக்குழல் பிளந்துவிடும்.

கேள்வி: தூத்துக்குடி கடற்கரையில் 8 எண் (லைனின் எடையைக் குறிக்கும் எண்) ராடில் பாறை மீன் பிடிக்கிறேன். மீன் இழுக்கும்போது ரீலின் டிராக் (லைன் ஓடுவதைத் தடுத்துப் பிடிக்கும் பிரேக்) சீராக விடாமல் விட்டு விட்டு ஓடுகிறது. போன முறை நுனி நரம்பே அறுந்துபோனது.

பதில்: முதலில் உங்கள் ரீலில் எந்த வகை டிராக் இருக்கிறது என்று பாருங்கள். கார்க் தட்டு என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். டிராக்கை இறுக்கியே வைத்திருந்தால் கார்க் அமுங்கி மினுமினுப்பாகி, முதல் இழுப்பில் ஒட்டிக்கொண்டு பிறகு சட்டென்று விடும். இல்லையென்றால் தட்டில் உப்புத்துகள் படிந்திருக்கும். தட்டை மென்மையான துணியால் துடைத்து, ரீல் கம்பெனி சொன்ன எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, ஒரு இரவு முழுக்க டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். கார்பன் தட்டு போட்டு மூடி முத்திரையிட்ட டிராக் என்றால் அதைப் பிரிக்காதீர்கள், எண்ணெயும் விடாதீர்கள். எண்ணெய் பட்ட கார்பன் வழுக்கும்.

கடலிலிருந்து வந்த அன்றே செய்ய வேண்டியது இதுதான். கழுவும்போது மட்டும் டிராக்கை இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். குழாயை மெல்லத் திறந்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் வெளியே இருக்கும் உப்பை நீங்களே உள்ளே தள்ளிவிடுவீர்கள். பிறகு லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியாக நிழலில் காயவிட்டு, டிராக்கை முழுக்கத் தளர்த்துங்கள்.

பலர் மறந்துவிடுவது பேக்கிங் நூலை. மீன் லைன் முழுவதையும் இழுத்துக்கொண்டு ஓடியிருந்தால் அடியில் இருக்கும் இந்த டேக்ரான் (பாலியெஸ்டர்) நூலும் கடல்நீரைக் குடித்திருக்கும். மேலே ரீல் பளபளவென்று இருக்கும். உள்ளே அந்த ஈரநூல் மாதக்கணக்கில் ஸ்பூலின் அலுமினியத்தை அரித்துக்கொண்டிருக்கும். நூலைப் பிரித்தால் ஸ்பூலில் வெள்ளைப் பொடி ஒட்டியிருப்பது தெரியும். நனைந்த அளவு வரை நூலை உருவி, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்த பிறகே சுற்றுங்கள்.

நடு அச்சில் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும், கைப்பிடிக் குமிழுக்கு ஒரு சொட்டு எண்ணெய். ரீல் பாதத்தில் இருக்கும் எஃகுத் திருகுகளின் மரையிலும் துளி கிரீஸ் தடவுங்கள். அலுமினியத்தில் எஃகு, இடையில் உப்புநீர் என்றால் அரிப்பு வேகமாக நடக்கும். பிறகு அந்தத் திருகைக் கழற்ற முடியாது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த மிதக்கும் லைன். சென்னை வெயிலில் பிசுபிசுவென்று தொங்குகிறது. நுனியும் மூழ்குகிறது.

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். குளிர்ந்த ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கச் செய்த லைனின் பூச்சு, குளிரிலும் சுருளாமல் இருப்பதற்காக மென்மையாக இருக்கும். முப்பது டிகிரிக்கு மேல் அது துவண்டு வளையங்களில் ஒட்டும். இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. வெப்பநாடுகளுக்கென்று விறைப்பாகச் செய்த லைன் வாங்குங்கள். அதைக் குளிர்ந்த மலை ஏரிக்குக் கொண்டுபோனால் கம்பிச்சுருள் மாதிரி நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நுனி மூழ்குவது அழுக்கால், அல்லது பூச்சில் விழுந்த விரிசல் வழியே உள்நூல் தண்ணீர் குடிப்பதால். வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு குழந்தை ஷாம்பூ விட்டு லைனை அலசி, ஈரத்துணியில் அழுத்தி உருவுங்கள். துணியில் கறுப்புக் கோடு விழும். அது நிற்கும் வரை திரும்பத் திரும்ப உருவி, காய்ந்த பிறகு லைன் டிரெஸ்ஸிங் (லைனுக்கென்றே விற்கும் பூச்சுத் திரவம்) பூசுங்கள். நுனி வெட்டுப்பட்டிருந்தால், நன்றாகக் காயவைத்து, வளையும் தன்மையுள்ள ஷூ பசையால் ஒரு துளி அடையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கிட்டே வரக்கூடாது. டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டியும் சன்ஸ்கிரீனும் பிவிசி பூச்சைக் கெடுக்கும். பூசிக்கொண்ட கையைக் கழுவிவிட்டு லைனைத் தொடுங்கள்.

கேள்வி: பழைய ரீலோடு வந்த லைன் எந்த எண் என்று தெரியவில்லை.

பதில்: எடை போட்டுப் பாருங்கள். லைனின் எண் என்பது முதல் 30 அடியின், அதாவது 9.14 மீட்டரின் எடை. நுனியில் ஒரே தடிமனாக வரும் அரை அடி, ஓரடியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த நீளத்தை மட்டும் சுருட்டி, நகைக்கடைத் தராசு போல 0.1 கிராம் காட்டும் தராசில் வையுங்கள். மிச்ச லைனைத் தட்டின் உயரத்துக்கே ஒரு புத்தக அடுக்கின் மேல் வைத்தால் எடையை இழுக்காது. 7.8 கிராம் என்றால் 4 எண், 9.1 என்றால் 5, 10.4 என்றால் 6, 12 என்றால் 7, 13.6 என்றால் 8. இப்போது வரும் பல லைன்களைப் பெட்டியில் போட்ட எண்ணைவிடச் சற்றுக் கனமாகவே செய்கிறார்கள், ஆகவே பெட்டி இருந்தாலும் எடை போடுவது வீண்போகாது.

கேள்வி: சீலிங் ஃபேனில் பட்டதால் ராடின் நுனி ஒரு அங்குலம் ஒடிந்துவிட்டது.

பதில்: ஒரு அங்குலம்தானே, ராடைக் காப்பாற்றலாம். ஒடிந்த துண்டில் இருக்கும் நுனி வளையத்தின் உலோகக் குழலை மட்டும் லைட்டரில் லேசாகச் சூடாக்கி உருவுங்கள். இப்போது ராடின் முனை சற்றுத் தடித்திருப்பதால் பழைய குழல் நுழையாமல் போகலாம். குழலின் அளவை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காகச் சொல்வார்கள், 5 என்றால் 5/64 அங்குலம். ஒடிந்த முனையை 400 எண் உப்புத்தாளால் சமன்செய்து, புது வளையத்தை ஹாட் மெல்ட் பசையால் ஒட்டி, சூடு ஆறுவதற்குள் மற்ற வளையங்களோடு நேர்பார்த்துத் திருப்புங்கள். எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) போட்டால் அடுத்த முறை கழற்ற அதிகச் சூடு வேண்டும், அது கிராஃபைட்டைக் கருக்கும். நாலைந்து அங்குலம் ஒடிந்திருந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, நுனித்துண்டையே மாற்றுங்கள்.

கேள்வி: வளையத்துக்கு நூல் கட்டிப் பூசிய எபாக்ஸி மூன்று நாளாகியும் பிசுக்குப் போகவில்லை.

பதில்: இரண்டு பாகமும் சம அளவில் சேரவில்லை, அல்லது சரியாகக் கலக்கவில்லை. தனித்தனி சிரிஞ்சில் 3 மில்லி வீதம் எடுங்கள். அதைவிடக் குறைத்தால் சிறு பிழையும் பெரிதாகிவிடும். மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்கி, அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்பினால் குமிழிகள் தாமே போய்விடும். பழையதைச் சுரண்ட வேண்டாம், அதன் மேலேயே சரியாகக் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்தால் பெரும்பாலும் இறுகிவிடும். முதல் இரண்டு மூன்று மணி நேரம் ராடைத் திருப்பிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வழிந்து தொங்கும். மழைநாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கார்க் பிடி கறுத்து, குழி குழியாக இருக்கிறது.

பதில்: பாத்திரம் கழுவும் சோப்பும் மெலமின் ஸ்பாஞ்சும் போதும். குழிகளில் கார்க் தூளை மரப்பசையில் குழைத்து அடைத்து, ஒருநாள் காயவிட்டு 220, பிறகு 400 எண் தாளால் தேயுங்கள். ஈரப்பிடியோடு ராடைக் குழாய்ப் பெட்டியில் போட்டு மூடினால் பூசணம் பிடிக்கும். அந்தக் குழாய் வெயிலில் நிற்கும் காரில் கிடந்தால் ராடின் பூச்சிலும் கொப்புளம் எழும்.

கேள்வி: ஊட்டி வீட்டுப் பரணில் தாத்தா காலத்து மூங்கில் ராடு கிடைத்தது. அவலாஞ்சி பக்கம் ட்ரவுட் பிடித்ததாம். பயன்படுத்தலாமா?

பதில்: அவலாஞ்சியில் 1907-இல் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகு இத்தகைய ராடுகள் மலையில் நிறையப் புழங்கின. உடனே லைனைக் கோத்து வீசிவிடாதீர்கள். ஆறு மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்தது அது. பழைய பசை ஈரத்தில் விட்டுப்போகும். ஒவ்வொரு துண்டையும் காதருகே வைத்து லேசாக வளையுங்கள். டிக் டிக் என்றோ கிரீச் என்றோ கேட்டால் பட்டைகள் பிரிந்திருக்கின்றன என்று பொருள். பசையிட்டுக் கட்டும் வரை அதை வீசக்கூடாது. உலோக மூட்டுகளைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் மூட்டு தளர்ந்துவிடும், போன உலோகம் திரும்ப வராது. வார்னிஷ் உரிந்த இடத்தில் ஈரம் இறங்காதபடி மெல்லியதாகப் புது வார்னிஷ் பூசுங்கள். சுவரில் சாய்த்து வைக்காமல், துணிப்பையில் போட்டு ஆணியில் தொங்கவிடுங்கள். மீனை இழுக்கும்போது அவ்வப்போது ராடைத் திருப்பி, வளையங்கள் மேற்புறம் வரும்படி பிடித்தால் ஒரே பக்கமாக வளைந்து நிற்காது.