தங்கவயல் ஆஸ்பத்திரிக்குள் கேமராவோடு போகலாமா?

கேள்வி: என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. சாம்பியன் ரீஃப் பக்கம் குடியிருந்தார்கள் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே மூடிக் கிடக்கும் மைன்ஸ் ஆஸ்பத்திரியையும் பழைய ஆபீஸ் கட்டடங்களையும் படமெடுக்க ஆசை. அனுமதி வாங்க வேண்டுமா? எது என்ன கட்டடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஒரு வாசகர், ஆம்பூர்)

பதில்: முதலில் அனுமதி. ஆள் இல்லாத கட்டடத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மத்திய அரசு நிறுவனம். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகும் அந்த நிலம் அரசு நிலம்தான், காவலுக்கும் ஆள் இருக்கிறார்கள். பூட்டை உடைக்காமல், சுவர் இடிந்த பக்கமாக நுழைந்தேன் என்றாலும் அது அத்துமீறல்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு அத்துமீறலைப் பற்றியதுதான். அதனால் நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "தாத்தா இங்கே வேலை பார்த்தார், குடும்ப வரலாற்றுக்காக இந்தந்தக் கட்டடங்கள், இன்ன தேதி" என்று தெளிவாக இருக்கட்டும். தாத்தாவின் பழைய பி.எஃப். சீட்டோ சர்வீஸ் சர்டிஃபிகேட்டோ வீட்டில் கிடைத்தால் நகல் வையுங்கள். பதில் வராவிட்டால் சாலையில் நின்று வெளிப்புறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பக்கத்திலேயே இருக்கும் பெமல் தொழிற்சாலைப் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம். அங்கே ராணுவத்துக்கான வண்டிகள் தயாராகின்றன.

உங்கள் ஊரிலிருந்து ரயிலில் பங்காரப்பேட்டை போய், அங்கிருந்து மாரிக்குப்பம் கிளைப் பாதையைப் பிடிக்கலாம். சுரங்கத்துக்காகவே 1894-இல் போட்ட பாதை அது. கோரமண்டல், ஊரிகாம், சாம்பியன் என்று ஸ்டேஷன் பெயர்களே ஊரின் வரைபடம் மாதிரி வரிசையாக வரும். இன்று அதே ரயிலில்தான் சுரங்கத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தங்கவயலில் கைவிடப்பட்டது கட்டடங்கள்தான், ஊர் அல்ல. அங்கே வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கூப்பிடு தூரத்தில் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பேசுவது தமிழ். வெளியூர்க்காரர்கள் ஆளில்லாத பேய்வீடு போலப் படம்பிடித்துவிட்டுப் போகிற ஊரில், உங்களால் தெருவில் நின்று "இந்த ஆஸ்பத்திரியில் யார் வேலை பார்த்தது?" என்று கேட்க முடியும். அந்த வசதியை விட்டுவிடாதீர்கள்.

நான் ஒருமுறை விட்டேன். வேறொரு ஊரில் ஒரு பழைய ஆஸ்பத்திரி. வெள்ளை ஓடு பதித்த மேடை, நடுவில் நீர் வடிய ஒரு ஓட்டை, மேலே உயரமான ஜன்னல். ஆபரேஷன் தியேட்டர் என்று எழுதி ஒரு கண்காட்சியிலும் வைத்துவிட்டேன். அங்கே ஆயாவாக இருந்த பாட்டி ஒருவர் பின்னர் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "அது பெட்ஷீட் தொவைக்கிற எடம், தம்பி." அதற்கப்புறம் நான் எந்த அறைக்கும் நானாகப் பெயர் வைப்பதில்லை.

ஆகவே இரண்டு முறை போகத் திட்டமிடுங்கள். முதல் முறை பதிவுக்காக. கட்டடத்தை வெளியே நான்கு பக்கமும் எடுத்துவிட்டு, உள்ளே அனுமதி இருந்தால் வாசலிலிருந்து இடது கைப் பக்கமாகவே ஒவ்வொரு அறையாகப் போங்கள். ஒவ்வொன்றிலும் மூலைக்கொரு படம். அறை எண்ணை ஒரு தாளில் எழுதி முதல் படமாக அதையே எடுத்துவிட்டால் வீட்டுக்கு வந்து குழம்ப வேண்டாம். ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசும், மூலை இருட்டாக இருக்கும். டிரைபாடில் வைத்து ஒரே காட்சியை மூன்று எக்ஸ்போஷரில் (வெளிச்சம் குறைத்து, சரியாக, கூட்டி) எடுத்தால் போதும். கிழிந்த நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தி வைத்து 'சோகம்' காட்டுகிற பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. இருந்த இடத்தில் இருந்தால்தான் அது சாட்சி.

சுவரைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். பெயிண்ட் அடித்து மறைத்த பெயர்ப்பலகை மீதோ கதவு மீதோ மொபைல் டார்ச்சை நேராக அடிக்காமல், பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். அடியில் இருக்கும் பழைய எழுத்தின் விளிம்பு நிழலாக எழுந்து வரும். அப்படி ஒரு பலகையில் இரண்டு மூன்று நிர்வாகங்கள்கூடத் தெரியலாம். 1880-லிருந்து ஜான் டெய்லர் கம்பெனி, 1956-இல் மைசூர் அரசு, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கை மாறிய இடம் அது. பி.ஜி.எம்.எல். (பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட்) என்ற எழுத்து இருந்தால் 1972-க்குப் பிந்தியது. மின்சாரம் காவிரியில் உள்ள சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து 1902-இல் வந்தது. அதனால் பழைய ஒயரிங் பெரும்பாலும் அதற்கு முந்தியதாக இருக்காது.

ஓடு விஷயத்தில் ஏமாறாதீர்கள். மங்களூர் ஓட்டின் முதுகில் 1865 என்று பார்த்ததும் கட்டடத்துக்கு வயது 160 என்று எழுதுகிறவர்கள் நிறைய. அது பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம், ஓடு செய்த வருஷம் அல்ல. குப்பையும் அப்படித்தான். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, மூடிக் கிடந்த இந்த ஆஸ்பத்திரியைத் தன்னார்வலர்கள் கழுவிச் சுத்தம் செய்து சிகிச்சைக்குத் தயார்படுத்தினார்கள். ஆக உள்ளே கிடக்கும் கட்டிலும் சுவரின் வெள்ளையும் தாத்தா காலத்ததுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. தரையில் நோயாளிகளின் பழைய ரிஜிஸ்டர், எக்ஸ்ரே ஏதாவது கிடந்தால் எடுத்துவராதீர்கள், பெயர் தெரிய படமெடுத்துப் போடவும் வேண்டாம். பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்தவர்களின் குடும்பங்கள் அந்த ஊரிலேயே இருக்கின்றன. நிறுவன அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அது போதும்.

ஆபத்துகளில் முதலாவது ஷாஃப்ட், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்தான குழி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். புல் மூடிய பழைய குழி எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே சில சமயம் தெரியாது. ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காதீர்கள். மரச் சட்டம் உளுத்த மாடிக்கு ஏறவே வேண்டாம். அப்புறம் சயனைடு மேடுகள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், 3 கோடி டன்னுக்கு மேல். படத்தில் பாலைவனம் போல அழகாக இருக்கும். ஆனால் காற்றடித்தால் அந்தத் தூள்தான் பறக்கும். மாஸ்க் போடுங்கள், வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். காற்று பலமாக வீசும் ஆடி மாதத்தைத் தவிர்த்துவிட்டு மார்கழி, தையில் போனால் காலைப் பனியும் கிடைக்கும்.

காகித வரலாறு என்றால் பெங்களூரில் கர்நாடக அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மைசூர் சமஸ்தானத்துக் கோப்புகள் அங்கே உண்டு. போவதற்கு முன் தாத்தாவின் முழுப் பெயர், அவர் அப்பா பெயர், சொந்த ஊர், வேலை செய்த சுரங்கம் இவற்றையாவது வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் அங்குள்ள சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பாவின் தொழிலும் இருக்கக்கூடும். ஒரு சுவாரசியம்: 1930-இல் தொழிலாளர்களிடம் கைரேகை எடுத்துப் பதிவு செய்ய நிர்வாகம் முயன்றபோது, அதை எதிர்த்தே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. உங்கள் தாத்தாவுக்கோ அவர் அப்பாவுக்கோ அதில் பங்கிருந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது முறை போகும்போது கேமராவைவிடப் பிரிண்டுகள் முக்கியம். மொபைலில் காட்டினால் "நல்லா இருக்குப்பா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காகிதத்தில் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, அது எந்த வார்டு என்று இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையை அவர்கள் அனுமதியோடு ரெக்கார்ட் செய்யுங்கள். பிரிண்டை 8-க்கு 12 அங்குல அளவில், கொஞ்சம் வெளிச்சம் கூட்டிப் போடுங்கள். கண்புரை உள்ளவர்களுக்கு இருட்டுப் படம் தெரியாது.