வாசிக்கத் தெரிந்தவர்கள்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் வவுனியாவில் ஆசிரியையாக இருக்கிறேன். பிறந்தது மட்டக்களப்பில். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பில் எங்கள் அயல்வீட்டுப் பிள்ளை ஒன்று இறந்தது. அதற்குப் பிறகு முஸ்லிம்களைப் பற்றி எது வந்தாலும் என்னால் நிதானமாகப் படிக்க முடிவதில்லை. அதற்கு முந்திய வருடம் கண்டிக்குப் பக்கத்துத் திகனையில் கலவரத்தில் எரிந்த முஸ்லிம் கடைகளின் படங்களை முகநூலில் பார்த்து அழுதவளும் நான்தான். உயிர்த்த ஞாயிறுக்குப் பிந்திய வாரம், முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதீர்கள் என்று வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவை இன்னும் இரண்டு குழுக்களுக்கு அனுப்பியவளும் நான்தான். அது பொய் என்று பிறகு தெரிந்தது. அனுப்பிய இடங்களில் அதை நான் சொல்லவில்லை. இந்த ஊடகங்களை ஒரேயடியாகத் தடை செய்துவிட்டால் நல்லது என்று சில நாட்களில் தோன்றுகிறது. குழுவிலிருந்து வெளியேறிவிடலாமா? இரண்டு பக்கமும் இழுக்கிற இந்த மனதை நான் என்ன செய்வது?

ச.,
வவுனியா

அன்புள்ள ச.,

அனுப்பியதை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். பதிலுக்கு நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏப்ரலுக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் நான் கால் வைக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போகும் பஸ் அந்தக் கடைத்தெருவுக்குள்ளால்தான் போகும். வீதியின் நடுவில் வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களை ஜன்னலால் பார்த்துக்கொண்டே போவேன், இறங்கமாட்டேன். நல்லநாள் பெருநாளுக்கு வழக்கமாகத் துணி எடுக்கிற கடை அங்கேதான் இருந்தது. பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைத்தேன். உண்மையில் அந்த முதலாளியின் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்ற கூச்சமும், அந்தக் கூச்சத்துக்கு அடியில் கொஞ்சம் கோபமும்தான் இருந்தன. அவர் என்ன செய்தார் என்று கேட்டால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

ஆகவே இரண்டு பக்கமும் இழுக்கிற மனதைப் பற்றி உங்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கில்லை. கிழக்கில் பிறந்த எவருக்கும் இதில் ஒரே மனம் இருக்குமென்று நான் நம்பவும் இல்லை. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே காலத்தில் முஸ்லிம் ஊர்காவல் படையினரின் கையால் தமிழ்க் கிராமங்களில் செத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் தெருத்தெருவாகப் போய் மைதானத்துக்கு வரச்சொல்லி அறிவித்தன, வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். முகநூலும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. ஓர் ஒலிபெருக்கி போதுமாக இருந்தது. இன்று எல்லாப் பழியையும் கைபேசியின் தலையில் போடுகிறவர்களைக் காணும்போது எனக்கு அந்த ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வரும்.

தடை பற்றிக் கேட்டீர்கள். 2014 ஜூன் 15 அன்று அளுத்கமவில் பொதுபல சேனா என்ற சிங்கள பௌத்தத் தீவிர அமைப்பின் கூட்டம் முடிந்த கையோடு முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கியபோது, தொலைக்காட்சிகள் பெரும்பாலும் வாயே திறக்கவில்லை. அதை ஒட்டிய தர்கா நகரில் என்ன நடக்கிறது என்பதை அன்றிரவு நாடு அறிந்தது, அங்கே அகப்பட்டுக்கொண்டவர்கள் டுவிட்டரிலும் முகநூலிலும் போட்ட படங்களால்தான். அன்று ஒரு தடை இருந்திருந்தால் அந்த இரவு நடக்காத இரவாகவே ஆகியிருக்கும். நான்கு வருடம் கழித்து அதே முகநூல்தான் திகனைக்கும் தெல்தெனியவுக்கும் ஆட்களைத் திரட்டிக் கொடுத்தது. 2018 மார்ச் 6 அன்று அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது, மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன, முகநூல் ஒரு வாரத்துக்கு மேல் முடங்கியே கிடந்தது. எரிந்த வீட்டுக்குள்ளிருந்து ஓர் இளைஞரின் உடல் எடுக்கப்பட்டது அதற்கு முன்பே. முடக்கியது சரியா பிழையா என்று கேட்டால், தீ மூட்டியவனின் வாயும் உதவி கேட்டவனின் வாயும் ஒரே விசையில் அடைபட்டன என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

என்னை அதிகம் குடைவது வேறொன்று. திகனைக்கு ஒரு வாரம் முன்னால் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த மாக்கட்டியைக் காட்டி, சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை போட்டாயா என்று ஒரு கூட்டம் கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டது. அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவருடைய மொழி தமிழ். கேட்கப்படுவது என்னவென்று சரியாகப் பிடிபடாத, அடிக்கு அஞ்சிய ஒரு மனிதர், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஆமென்று சொல்லித் தப்பப் பார்க்கிறார். அந்த ஓர் ஆம் ஒப்புதல் வாக்குமூலமாக நாடெங்கும் சுற்றியது. அன்றிரவே கடையும் அருகிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை கொடுத்தார். காணொளி போன தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அறிக்கை போயிருக்காது. நான் அதை முதல்முறை பார்த்தபோதே அவருடைய முகத்தைப் பார்த்து, இந்த மனிதருக்கு விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிங்களம் தட்டுத்தடுமாறிப் பேசி ஒரு சோதனைச்சாவடியையாவது கடந்த எந்தத் தமிழருக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்த நாங்கள் ஒருவரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அது அவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள பிரச்சினை என்று இருந்துவிட்டோம்.

இதை நான் திரும்பத்திரும்ப யோசித்திருக்கிறேன். இந்த விவகாரம் முழுவதிலும் வாசிக்கத் தெரியாதவர்கள்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். சிங்களத்தில் எழுதப்பட்ட கொலைவெறிப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அவை விதிகளை மீறவில்லை என்று முகநூல் பதில் அனுப்பிக்கொண்டிருந்தது; அந்த மொழி தெரிந்த ஆட்களைப் போதுமான அளவுக்கு வைத்திருக்கவில்லை என்பது பிறகு வெளிவந்தது, 2020 மே மாதத்தில் மன்னிப்பும் கேட்டார்கள். 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர், அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிய ஒற்றை வரி, அடுத்த குண்டுக்கான எச்சரிக்கையாக வாசிக்கப்பட்டு ஊர் கலவரமாகி, மறுநாள் குளியாப்பிட்டிக்கும் மினுவாங்கொடைக்கும் பரவியது. அதே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண்ணின் சட்டையிலிருந்த கப்பல் சுக்கான் சக்கரம் பௌத்தர்களின் தர்மச் சக்கரமாகத் தெரிந்து, அவர் இரண்டு வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 2020 இல் அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளம் கவிஞர் தன் தமிழ்க் கவிதைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் வரிகள் அத்தொகுதிக்குள்ளேயே இருந்தன. பிணை கிடைக்க ஒன்றரை வருடம் சென்றது, விடுதலையாக இன்னும் இரண்டு வருடம். தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்திருக்கக்கூடிய புத்தகம் அது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அது நமக்கு இன்னும் கசப்பானது. உயிர்த்த ஞாயிறு குண்டுதாரிகளுக்குத் தலைவனாக இருந்த சஹ்ரான் பேசியது தமிழில். யூடியூப்பிலும் முகநூலிலும் மணிக்கணக்காகப் பேசினான். அவனுடைய ஆட்கள் முதலில் வாளெடுத்தது காத்தான்குடியிலிருந்த சூஃபி வழி முஸ்லிம்களுக்கு எதிராகத்தான், 2017 மார்ச்சில். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் அதே ஊர் முஸ்லிம்கள்தான். பக்கத்து ஊரில் அதே தமிழைப் பேசிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பேச்சுகள் கேட்டன, விளங்கவும் செய்தன. அவர்களுடைய உள்வீட்டுச் சண்டை என்று மாற்றிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் சீயோன் தேவாலயத்தில் செத்தார்கள். உங்கள் அயல்வீட்டுப் பிள்ளையைப் பற்றி வாசித்தபோது எனக்கு வந்த நினைவு அந்தப் பேச்சுகளைப் பற்றியதுதான்.

சட்டம் கொண்டு இதைச் சரிசெய்யலாம் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் 2007 இல் வந்தது; வெறுப்பைத் தூண்டுவோரிடமிருந்து ஆட்களைக் காக்க அதில் பிரிவு இருக்கிறது. ஹசலக்கப் பெண்ணை உள்ளே வைத்ததும், 2020 ஏப்ரலில் தன் முகநூல் பதிவுக்காக ரம்ஸி ராசிக் என்ற எழுத்தாளரை ஐந்து மாதம் அடைத்ததும் அதே சட்டம்தான். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது அதைக் கண்டு அதிகம் பயந்தவர்கள் யாரென்று பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. கொவிட்டில் இறந்தவர்களை, புதைக்கும் வழக்கமுள்ள முஸ்லிம்களையும், எரித்தே ஆகவேண்டும் என்று அரசு நின்ற காலம் அது. 2020 டிசம்பரில் பெற்றோர் சம்மதிக்காமலே 20 நாள் முஸ்லிம் குழந்தை ஒன்று பொரளையில் எரிக்கப்பட்டபோது, எதிர்ப்பாகச் சுடலை வேலியில் வெள்ளைத் துணி கட்டிய படங்களை எனக்குக் காட்டியதும் இந்தக் கைபேசிதான். கட்டியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த தமிழர் உரிமைப் பேரணியில் ஜனாஸா (முஸ்லிம்களின் உடல்) எரிப்பை நிறுத்தக் கேட்கும் கோரிக்கையும் இருந்தது, முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். அந்த வாரம்தான் எங்கள் குடும்பக் குழுவில் முதல் தடவையாக ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

குழுவிலிருந்து வெளியேற வேண்டாம் என்பது என் எண்ணம். நீங்கள் போனால் அங்கே வாசிக்கத் தெரிந்த ஒருவர் குறைவார், அவ்வளவுதான் நடக்கும். இனி ஒரு குரல்பதிவு வந்தால் பேசுகிறவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. முன்பு அனுப்பியது பொய் என்பதை அந்த இரண்டு குழுக்களிலும் இப்போதாவது எழுதலாம், பிந்திவிட்டதென்று நான் நினைக்கவில்லை. போன வருடம் எங்கள் சித்தப்பா அனுப்பிய ஒரு பதிவுக்கு நான் இப்படிக் கேட்டேன். “எல்லாரும் அனுப்புறாங்கதானே தம்பி” என்று எழுதினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் மச்சாள் பேரனின் பிறந்தநாள் கேக்கைப் படம் பிடித்துப் போட்டா. சித்தப்பா அதற்கு ஒரு இதயம் போட்டிருந்தார். மேலே கிடந்த குரல்பதிவை எப்போது அழித்தார் என்று நான் கவனிக்கவில்லை.