டைவிங் அப்புறம் பார்க்கலாம்

தம்பி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முதுகலை சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, கடலோர மக்களோடு சேர்ந்து கடலைக் காக்கும் வேலைக்குப் போக ஆசை, எந்தப் பாடங்களை எடுப்பது, டைவிங் பயிற்சிக்கு இப்போதே பணம் கட்டலாமா, வீடு, விசா எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து இறங்கிய முதல் மாதம் அப்படியே கண்முன் வந்துவிட்டது.

விசா விதிகள் அடிக்கடி மாறும், அரசுத் தளத்தில் பாருங்கள். வீட்டுக்கு மாணவர் உதவிப் பிரிவில் கேட்டால் போதும். பாடங்களைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

நான் பவளம், மீன் கணக்கெடுப்பு, புள்ளியியல் என்று எடுத்துக் குவித்தேன். மனிதர்களைப் பற்றி ஒரு பாடம்கூட எடுக்கவில்லை. வடக்கே ஒரு கடலோர ஊருக்குப் போய் இருபத்தாறு பேரிடம் பேட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்கு முன்பே, மனிதர்களிடம் தகவல் எடுக்கும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று என் வழிகாட்டி சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஒரு பேட்டியையும் பயன்படுத்த முடியாமல் போனது. அனுமதிக்கே பல மாதங்கள் பிடிக்கலாம், முதல் பருவத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். பூர்வகுடி மக்களின் கடல் என்றால் அவர்களுடைய பெரியவர்களின் சம்மதமும் வேண்டும், அதுதான் முதலில்.

மீனை மட்டும் படித்தால் போதாது என்பதற்கு பிலிப்பைன்ஸில் அருகருகே இரண்டு தீவுகள் இருக்கின்றன. இரண்டிலும் வழிகாட்டியவர் சிலிமான் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலா. சுமிலோனில் 1974இல் மீன்பிடித் தடைப் பகுதி அமைத்தார்கள், மீன் பெருகியது. உள்ளூர் அரசியல் எதிராகத் திரும்பி 1984இல் தடை உடைந்ததும் மீனவர்களுக்குக் கிடைக்கும் மீன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆபோ தீவில் 1982இல் அந்த மக்களே ஒரு சிறு பகுதியை மூடி, தாங்களே காவலும் இருந்தார்கள். அது நிலைத்தது. இங்கேயே கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெரிய பவளத்திட்டில் கிரிங்கன் அமைப்பைச் சேர்ந்த பூர்வகுடி மக்கள் 2005இல் ஆமை, கடற்பசு வேட்டை பற்றி அரசோடு உடன்பாடு செய்தார்கள். ரீஃபில் அந்த வகையில் அதுதான் முதல் உடன்பாடு. தேடிப் படியுங்கள்.

அதனால் பேட்டி எடுக்கும் முறை, மீன்வள மேலாண்மை, பொதுவளங்களை மக்கள் எப்படிச் சேர்ந்து நிர்வகிக்கிறார்கள் என்பது, இந்த மூன்றையும் விடாதீர்கள். கடைசியாகச் சொன்னதற்கு எலினோர் ஆஸ்ட்ரமிடமிருந்து தொடங்கலாம். பொருளாதார நோபல் பரிசை 2009இல் பெற்றவர். டைவிங்கை உங்கள் ஆய்வு கேட்டால் கற்றுக்கொள்ளுங்கள். படகு ஓட்டும் உரிமம் அதைவிட அதிகம் கைகொடுக்கும், எனக்குக் கொடுத்தது. உங்களிடமே பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் 'கடல் பாதுகாப்புத் தன்னார்வலர்' ஆக்கும் திட்டங்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். வேலைக்கு எடுப்பவர்கள் நீங்கள் ஒரே ஊரில் எத்தனை மாதம் இருந்தீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள்.

'இதில் என்ன சம்பளம் வரும், கணினித் துறைக்கு மாறிவிடு' என்று நம்மவர்களே சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். ஒப்பந்த வேலைகள்தான் அதிகம், சம்பளமும் குறைவு, அது உண்மை. ஆனால் எனக்குக் கோபம் வருவது வேறு ஒரு கூட்டத்தின் மேல். ஊருக்குள் போய்த் தகவல் எடுத்து, பட்டம் வாங்கி, பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள். அவர்களுக்கு அடுத்து போகிறவருக்குக் கதவு திறப்பதில்லை.

அந்த வடக்கு ஊருக்கு இரண்டாம் முறை போனபோது நோட்டை எடுக்கவே இல்லை. வலையின் கிழிசல் தைக்கக் கற்றேன், கடலின் ஏற்ற இறக்கம் பார்த்து எழுந்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு பாட்டி கேட்டார்: "நீ எழுதப்போவதை எங்களுக்கு எப்போது வாசித்துக் காட்டுவாய்?" பட்டம் கைக்கு வந்ததும் அவர்கள் கடலின் வரைபடத்தைத் துணியில் அச்சடித்து எடுத்துப் போனேன். அவர் தரையில் விரித்து, விரலால் தடவிப் பார்த்து, இரண்டு திட்டுகளின் பெயர் தவறு என்றார். பேனாவை வாங்கித் தன் பேத்தியிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார். அந்தத் துணி இப்போது அவர்களுடைய படகுக் கொட்டகையில்தான் தொங்குகிறது.