'நாம்' என்பதும் 'நாங்கள்' என்பதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொடிய எதிர்காலச் சமூகங்களைச் சித்திரிக்கும் டிஸ்டோபிய நாவல்கள் எல்லாமே தனிமனிதனை நாயகனாகவும் சமூகத்தைப் பகையாகவும் காட்டுவதாகத் தோன்றுகிறது. சேர்ந்து வாழ்வதையே அச்சத்தோடு பார்க்கப் பழக்கும் எழுத்தல்லவா இது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் முழுக்கப் பொருந்தும் நாவல் ஒன்று உண்டு. அயன் ராண்ட் 1938-இல் வெளியிட்ட 'ஆன்தம்', 'நான்' என்ற சொல்லையே இழந்துவிட்ட ஒரு சமூகத்தைப் பற்றியது; அச்சொல்லைக் கண்டடைவதே அங்கு மீட்பு. முடிவை முன்பே வைத்துக்கொண்டு எழுதப்பட்ட கதை என்பதால் அதை இவ்வகையின் சிறந்த படைப்பாக நான் கருதவில்லை. அதைக்கொண்டு மற்றவற்றை அளக்கவும் கூடாது.

இவ்வகைக்கு வழிவகுத்த, ரஷ்ய எழுத்தாளர் எவ்கேனி சம்யாதினின் நாவல் 1924-இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. சோவியத் நாட்டில் அச்சேற அது 1988 வரை காத்திருந்தது. தன்மைப் பன்மைச் சொல் ஒன்றுதான் அதன் தலைப்பு. ரஷ்ய மொழியில் அதற்கு ஒரே சொல். நமக்கோ இரண்டு உண்டு: கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', அவரை வெளியே நிறுத்தும் 'நாங்கள்'. அத்தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதெல்லாம் நாவலின் மையமே அந்தத் தேர்வில் இருப்பதாக எனக்குப் படுகிறது. டி-503 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட பொறியாளன், தான் கட்டும் விண்கலம் சென்றடையப்போகும் வேற்றுக்கோளின் மனிதர்களுக்காகத் தன் குறிப்புகளை எழுதத் தொடங்குகிறான். அவர்கள் இன்னும், அவன் வாழும் நாடான 'ஒற்றை அரசு'க்கு உட்படாதவர்கள். ஆகவே அவன் சொல்வது 'நாங்கள்'. அவர்களை ஒப்புக்கொள்ள வைத்தோ, வலிந்தோ அதை 'நாம்' ஆக்குவதற்காகத்தான் கலமே கட்டப்படுகிறது.

அந்த அரசுக்குள் மட்டும் உண்மையான 'நாம்' இருக்கிறதா? சுவர்களெல்லாம் கண்ணாடி, எல்லோரும் எல்லோர் கண்ணிலும் படுகிறார்கள், ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் உண்கிறார்கள். ஆனால் ஒருவனுடைய கலக்கத்தை இன்னொருவன் கேட்டறிய அங்கே இடமில்லை. இறுதியில் கற்பனையை அகற்றும் அறுவை நிகழ்ந்த பிறகு, தான் காதலித்த பெண் வதைக்கப்படுவதை அவன் சலனமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

1949-இல் வெளிவந்த ஆர்வெலின் '1984' நாவலில் இது இன்னும் வெளிப்படையானது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான பிணைப்புகளை அறுத்துவிட்டோம் என்று ஆளும் கட்சிக்காரனே சொல்கிறான். தந்தையை மகள் காட்டிக்கொடுக்க, சிறையில் இருக்கும் தந்தை அவளை எண்ணிப் பெருமை கொள்கிறான். சமூகத்தின் பெயரால் முதலில் அழிக்கப்படுவது சமூகமே. ஒருவரையொருவர் நம்ப முடியாதவர்களின் அணிவகுப்புதான் மிஞ்சுகிறது. தனிமனிதனின் எதிர்ப்பும் அங்கே தனிமையில் தொடங்கினாலும், இன்னொருவரோடு பேசத் துணியும்போதுதான் உயிர்பெறுகிறது.

பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அதன் முடிவில் நகருக்கு வெளியே, எரிக்கப்பட்ட நூல்களை ஆளுக்கொன்றாக மனப்பாடம் செய்து காப்பவர்களை, நூல்களை எரிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த நாயகன் மாண்டாக் சந்திக்கிறான். தாங்கள் முக்கியமானவர்கள் அல்ல என்பதையே தங்களுக்குள் ஆழப் பதித்துக்கொண்டதாக அவர்கள் சொல்கிறார்கள். தனித்துவத்தை ஒடுக்கும் அரசுகள் குடிமக்களிடம் சொல்வதும் ஏறத்தாழ இதே வாக்கியம்தான். ஆனால் இவர்களை யாரும் எண்ணிட்டு நிறுத்தவில்லை. ஒவ்வொருவரும் தாமாக வந்து, பிறருக்காகத் தம் நினைவில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். விவிலியத்தின் 'பிரசங்கி' நூலில் தனக்கு நினைவிருக்கும் பகுதியோடு அவனும் அவர்களோடு நடக்கிறான்.

அன்புடன்.