டீசல் பம்பும் எஞ்சின் சத்தமும்: லாரிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டீசல் பம்பைப் பற்றியவை. மீதி எஞ்சின் சத்தத்தைப் பற்றியவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்ட கடிதம் ஒன்றும் இருந்தது. அதற்குச் சற்று நீளமாகவே பதில் எழுத வேண்டியதாயிற்று.

மணலியிலிருந்து ஒரு டிப்பர் உரிமையாளர்: காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. கைப்பம்பை அடித்தால் மறுபடியும் ஓடுகிறது. எங்கும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஃபீட் பம்பை (டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்பை) மாற்றிவிடலாமா?

மாற்றலாம். ஆனால் மாற்றிய பிறகும் வண்டி ஐந்தாவது நிமிடத்தில் நிற்பதற்கே வாய்ப்பு அதிகம். டாங்கிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் பம்ப் டீசலை உறிஞ்சுகிறதே தவிரத் தள்ளுவதில்லை. ஆகவே ஓடும்போது அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஒழுகல் இல்லை என்பது அந்தப் பகுதியைப் பொறுத்தவரை எதையும் நிரூபிக்காது.

முதலில் டாங்கி மூடியைத் தளர்த்திவைத்து ஓட்டிப் பாருங்கள். வண்டி நிற்காமல் ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். மணலித் தூசியில் அது அடைபடாமல் இருந்தால்தான் வியப்பு. அதிலும் தீரவில்லை என்றால், சுத்தமான 5 லிட்டர் கேன் ஒன்றில் டீசல் ஊற்றி, எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, தனி ஹோஸ் வழியாக நேரே ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். அரைமணி நேரம் தடையின்றி ஓடினால் பம்ப் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். பைப், ஹோஸ், பேன்ஜோ போல்ட் (பைப்பை இணைக்கும் துளையுள்ள போல்ட்) வாஷர் ஆகியவற்றில் முதலில் குறையைத் தேடுங்கள். கேனிலிருந்து கொடுத்தும் நின்றால், ஃபீட் பம்பின் சல்லடையையும் வால்வுகளையும் கழற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். கழற்றியது எதுவாயினும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷரை மறுபடி நம்ப முடியாது.

பெயரும் ஊரும் இல்லாத ஒரு கடிதம்: ஐயா, என் லாரியில் ஒரு மாதிரி சத்தம் வருகிறது. என்ன காரணம்?

எந்த லாரி, எத்தனை சிலிண்டர், சத்தம் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, ஐட்லிங்கிலா லோடிலா, கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா, ஆயில் பிரஷர் எவ்வளவு என்று இத்தனை பதில்களும் வந்தால்தான் நான் ஒரு பதில் எழுத முடியும். 'ஒரு மாதிரி' என்ற சத்தத்தைக் கடிதத்தில் கேட்கும் காது எனக்கு இல்லை.

திருவொற்றியூர் வாசகர்: எஞ்சின் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகிறது. ஆயிலே ஊற்றாமல் ஒரு மாதம் ஓட்டுகிறேன். இது நல்ல அறிகுறிதானே?

இல்லை. வண்டியை இன்றே நிறுத்துங்கள். பெரும்பாலும் டீசல்தான் ஆயிலோடு கலக்கிறது. பழைய வண்டியில் எஞ்சின் பக்கவாட்டில் மாட்டிய டயாஃபிரம் வகை ஃபீட் பம்ப் இருந்தால், அந்த ரப்பர் தாள் கிழிந்து டீசல் நேரே சம்ப்புக்குள் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்குள்) இறங்கும். பிளஞ்சர் வகை ஃபீட் பம்ப் என்றால், தேய்ந்த தண்டு வழியாக டீசல் எஃப்ஐபியின் (இன்ஜெக்டர்களுக்கு அழுத்தத்தில் டீசல் அனுப்பும் பெரிய பம்பின்) கேம் அறைக்குள் கசியும். உங்கள் எஃப்ஐபி எஞ்சின் ஆயிலிலேயே ஓடும் வகையாக இருந்தால் அங்கிருந்து சம்ப்புக்கு வந்துவிடும். கேஜ் கம்பியில் உள்ள ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்தாலே தெரியும். நீர்த்துப்போன ஆயிலில் ஓடிய பேரிங் ஒரு மாதத்தில் என்ன ஆகியிருக்கும் என்பதை, ஆயிலை மாற்றிய பிறகு பிரஷர் கேஜ் சொல்லும்.

மாதவரத்திலிருந்து, ஆறு சிலிண்டர் பழைய டாடா வைத்திருப்பவர்: எஞ்சினில் 'டக் டக்' என்று அடிக்கும் சத்தம். எஃப்ஐபிதான் காரணம் என்று சொன்னார்கள். 40,000 ரூபாய்க்கு மேல் செலவழித்து வேறு பம்ப் மாட்டினோம். சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா?

எனக்கு வரும் கடிதங்களில் என்னை அதிகம் வருத்துவது இந்த வகைதான். சத்தம் வந்தவுடன் பம்பைக் கழற்றுவதும், பம்ப் மாற்றியும் போகவில்லை என்றவுடன் எஞ்சினை இறக்குவதும், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் செலவழித்துப் பார்க்க ஒருவருக்கும் மனம் வராததும் எங்கள் தொழிலுக்கே இழுக்கு என்பது என் கருத்து.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டராக, டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்துங்கள். 17 அல்லது 19 ஸ்பேனர் போதும். அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது, எஞ்சின் தடுமாறும், சத்தத்துக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள். நட்டின் மேல் துணி போட்டுக்கொள்ளுங்கள். சூடான மெனிஃபோல்டில் டீசல் தெறித்தால் தீப்பிடிக்கும். கையை அந்தப் பீச்சலுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். கழற்றிய நாசிலின் (இன்ஜெக்டரின் பீச்சும் நுனியின்) முன்னால் விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிக்குத்துப் போலத்தான் தெரியும், உள்ளே விரலே அழுகலாம். அப்படி நேர்ந்தால் வலி வரும்வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரே ஒரு சிலிண்டரைத் தளர்த்தும்போது சத்தம் நின்றால், குறை அந்தச் சிலிண்டரைச் சேர்ந்தது. அடுத்து அதன் இன்ஜெக்டரைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் நாசில் ஒட்டுகிறது அல்லது சொட்டுகிறது. நாசில் டெஸ்டரில் ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், அதற்கான செலவு பம்ப் செலவில் இருபதில் ஒரு பங்குகூட வராது. சத்தம் பழைய சிலிண்டரிலேயே நின்றால்தான் கன்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங், பிஸ்டன் பின், பிஸ்டன் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். பிஸ்டன் தட்டல் குளிர்ந்த எஞ்சினில் பெரிதாகக் கேட்டுச் சூடேறக் குறையும். கன்ராட் பேரிங் சத்தம் சூடேறி ஆயில் நீர்க்க நீர்க்கக் கூடும். எல்லாச் சிலிண்டர்களும் ஒரே சீராக அடித்தால், அப்போதுதான் பம்பின் டைமிங் (டீசலைப் பீச்சும் நேரம்) முன்னால் போயிருக்கிறதா என்று பார்க்க நியாயம் இருக்கிறது.

எந்தச் சிலிண்டரைத் தளர்த்தினாலும் சத்தம் மாறவே இல்லை என்றால், அது டீசல் எரிவதோடு தொடர்புள்ளதே அல்ல. டேப்பட் (வால்வ் இடைவெளி), டைமிங் கியர், ஏர் கம்ப்ரஸர், கிளட்ச் என்று தேடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு டிரெய்லருக்கு வேறு ஒரு பட்டறையில் இரண்டு முறை பம்ப் மாற்றியிருந்தார்கள். ஏர் பிரஷர் ஏறி முடிந்து அன்லோடர் (மிகுந்த காற்றை வெளியே விடும் வால்வ்) 'புஸ்' என்று விட்டவுடன் சத்தம் பாதியாகக் குறைவதை அந்த வண்டியின் கிளீனர்ப் பையன் கவனித்திருக்கிறான். சொன்னபோது ஒருவரும் காதில் வாங்கவில்லை. கம்ப்ரஸரைத் திறந்தால் அதன் கன்ராட் பேரிங் போயிருந்தது. அந்தப் பையனுக்கு இருந்த காது பட்டறைக்கு இல்லை.

ஆகவே உங்கள் எஞ்சினை இப்போது இறக்காதீர்கள். மேலே சொன்ன சோதனையைச் செய்து, எந்தச் சிலிண்டரில் என்ன மாறியது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு எனக்கு எழுதுங்கள். கழற்றி வைத்த பழைய பம்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அது நல்ல பம்பாகவே இருக்கலாம்.

கொடுங்கையூர் வாசகர்: சர்வீஸ் செய்த எஃப்ஐபியை நாங்களே மாட்டினோம். ஸ்டார்ட் ஆகவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டும் வருகிறது.

பம்பை அரைச் சுற்று, அதாவது எஞ்சின் கணக்கில் ஒரு சுற்று, தவறாக மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். பம்ப் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், ஃபிளைவீல் குறி ஒன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷனிலும் நேராக நிற்கும், எக்ஸாஸ்ட் முடியும் இடத்திலும் நேராக நிற்கும். குறியை மட்டும் நம்பாமல் வால்வ் கவரைத் திறந்து, ஒன்றாவது சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கர்களும் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்திருக்க வேண்டும். திருத்திய பிறகு டைமிங்கைக் காதால் வைக்காதீர்கள். ஸ்பில் கட்-ஆஃப் முறையில் (பம்பிலிருந்து டீசல் வழிவது நிற்கும் இடத்தைப் பார்க்கும் முறை), உங்கள் எஞ்சினுக்கு உரிய டிகிரிக்கு வையுங்கள். கழற்றிய இடங்களில் செம்பு வாஷர்கள் புதியவைதானா என்று ஒருமுறை பாருங்கள்.

டீசல் லைனில் புகுந்த ஏரை வெளியே எடுக்கும் வரிசை எது? (தண்டையார்பேட்டை)

ஃபில்டர், பிறகு பம்ப், கடைசியில் நாசில். மாற்றிச் செய்தால் நாள் முழுவதும் கைப்பம்பை அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

காசிமேட்டிலிருந்து விசைப்படகு உரிமையாளர்: எங்கள் படகில் இருப்பதும் லேலண்ட் எஞ்சின்தான். ஒரே ஆண்டில் இரண்டு முறை பம்பின் பிளஞ்சர் இறுகிவிட்டது. பம்பே மட்டமானதா?

பம்பைக் குறை சொல்வதற்கு முன் டாங்கியின் அடியைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். பிளஞ்சருக்கும் (டீசலைத் தள்ளும் தண்டு) பாரலுக்கும் (அதன் உறை) இடையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்குதான். அதற்குள் உப்புத் தண்ணீர் ஒரு துளி போய், படகு நான்கு நாள் கரையில் நின்றால் துருவே பூட்டாகிவிடும். டாங்கியின் காற்றுக்குழாய் தளத்தில் நிமிர்ந்து நின்றால் அலை தெறிக்கும் ஒவ்வொரு முறையும் கடல் உள்ளே இறங்கும். அதன் வாயைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போட்டு, ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும் முன்பும் அதை வடியுங்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் ஓட்டுபவர்: துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டே நிற்கிறோம். இப்போதெல்லாம் காலையில் கரகரவென்ற அடியும் வெண்புகையும் வருகின்றன.

நீங்களே காரணத்தையும் எழுதிவிட்டீர்கள். ஐட்லிங்கில் சிலிண்டர் போதிய சூடு ஏறாமல் டீசல் அரைகுறையாக எரிகிறது. நாசில் நுனியில் கரி படிந்து பீச்சல் கோணலாகிறது. அப்படியே தொடர்ந்தால் லைனர் (சிலிண்டரின் உட்சுவர்) கண்ணாடி போல வழவழப்பாகி ஆயில் குடிக்கவும் தொடங்கும். நாசில்களைச் சுத்தம் செய்து, அவை பீச்சும் பிரஷரைச் சரியாக வையுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வரிசை நகராது என்றால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

நிறுத்தினால் ஏர் இறங்கிவிடும், செல்ஃப் எடுக்காது என்று ஓட்டுநர்கள் சொல்வது எனக்குத் தெரியும். அப்படியானால் சரிசெய்ய வேண்டியவை ஏர் கசிவும் பேட்டரியும். 500 ரூபாய் ஏர் ஹோஸை மாற்றாமல், அதற்காக எஞ்சினை நாள் முழுவதும் ஓடவிடுவது என்ன கணக்கு என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு விளங்கவில்லை.

பெரம்பூர் வாசகர்: பழைய பெட்ரோல் ஜீப்பில் புதிய மெக்கானிக்கல் பம்ப் மாட்டினேன், பெட்ரோலே ஏறவில்லை.

பம்பின் நெம்புகோல் கேமின் மேல் உட்காராமல் தவறான பக்கம் நழுவியிருக்கும். கழற்றி, கேமின் மேடு விலகியிருக்கும் நிலைக்கு எஞ்சினைக் கையால் சுற்றிவைத்து மாட்டுங்கள். பழைய பம்புக்கு அடியில் இருந்த தடித்த அட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுத்து வையுங்கள். சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பதும் நெம்புகோலின் அளவைச் சரியாக வைப்பதும் அதுதான்.

மணலி புதுநகர் வாசகர்: மழை வெள்ளத்தில் லாரி எஞ்சின் உயரத்துக்கு மூழ்கி நின்றது. தண்ணீர் வடிந்துவிட்டது, ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் செல்ஃப் அடித்தவுடன் கன்ராட் வளையும். எல்லா இன்ஜெக்டர்களையும் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். டாங்கி, ஃபில்டர், சம்ப், எஃப்ஐபி ஆயில் ஆகிய நான்கையும் வடித்து மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

வியாசர்பாடி வாசகர்: புதிய டீசலில் கந்தகம் குறைவு என்பதால் பழைய பம்ப் தேய்ந்துவிடுமாம். டீசலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கச் சொல்கிறார்கள்.

வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான்; அதனால் குறையும் வழவழப்பை ஈடுகட்டத் தேவையான மருந்தை ஆலையிலேயே கலந்துவிடுகிறார்கள். பழைய பம்புகளில் ரப்பர் சீல் சுருங்கி ஒழுகுவது உண்டு; சீலை மாற்றினால் போதும். மண்ணெண்ணெய் கலந்த மலிவு டீசலை வாங்குவதை நிறுத்தினால் பம்ப் இன்னும் நன்றாக உழைக்கும்.

ராயபுரம் வாசகர்: லோடில் இழுவை போதவில்லை. பம்பின் முத்திரை சீலை உடைத்து, டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் பிக்கப் வரும் என்கிறார்களே?

வரும், கரும்புகையும், கூடவே உருகிய பிஸ்டனும் வரும். முதலில் ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் மாற்றுங்கள், டேப்பட் அளவைப் பாருங்கள், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது பம்பின் லீவர் கடைசி வரை போகிறதா என்று ஒருவரை மிதிக்கச் சொல்லி நீங்கள் நின்று பாருங்கள். இதற்குப் பிறகும் இழுவை இல்லை என்றால் முத்திரை சீலோடு பம்பைக் கழற்றிப் பம்ப் கடையில் சோதனை பெஞ்சில் ஏற்றுங்கள். மறுபடி மாட்டும்போது செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.